விலை ஏறுமா என்பது கடைசிக் கேள்வி

முதல் முறையாக மனையிலோ ஃபிளாட்டிலோ பணம் போடப்போகிறவர்கள் எதைக் கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரத்திலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் சைட் பார்க்க வேன்கள் கிளம்புகின்றன. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு வரவேற்பு வளைவு, இரு பக்கமும் வண்ணக் கொடிகள், புதிதாகப் போட்ட செம்மண் சாலை, வெள்ளையடித்த எல்லைக் கற்கள். ஷாமியானாவுக்குக் கீழே உட்கார வைத்து லேஅவுட் வரைபடத்தைக் கையில் கொடுக்கிறார்கள். “பக்கத்துலயே ஐ.டி. பார்க் வருது சார். இன்னிக்கே டோக்கன் போட்டீங்கன்னா சதுர அடிக்கு நூறு ரூபா கம்மி. அடுத்த வாரம் இந்த ரேட் கிடையாது.” மதியச் சாப்பாடு முடிவதற்குள் சிலர் டோக்கன் கொடுத்தும் விடுகிறார்கள்.

அந்த வேனில் வருகிறவர்கள் பெரிய பணக்காரர்கள் அல்லர். ஓய்வுபெற்றபோது வந்த பி.எஃப். பணத்தை என்ன செய்வதென்று யோசிக்கும் ஆசிரியர், வளைகுடாவில் வெயிலில் நின்று சேர்த்த காசோடு விடுமுறைக்கு வந்தவர், முதல் சம்பள உயர்வு வாங்கிய இளம் தம்பதி. அத்தனை பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: விலை ஏறுமா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கடைசியாகக் கேட்க வேண்டும். தப்பான பங்கை வாங்கியவர் நஷ்டத்தோடாவது மறுநாளே விற்றுவிட்டு வெளியே வரலாம். தப்பான நிலத்தை வாங்கியவருக்கு அந்த வழியும் கிடையாது. போட்ட பணம் முடங்கும், அதை மீட்கக் கோர்ட் படி ஏறும் செலவு சேரும், வழக்கு பிள்ளைகள் காலம் வரைக்கும் இழுக்கும். அதனால்தான் நிலத்தில் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முன்னால் வர வேண்டிய ஆறு கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகே விலையைப் பற்றிய ஏழாவது கேள்விக்கு அர்த்தம் வரும்.

1. இந்தப் பணம் பத்து வருடம் காத்திருக்குமா?

மனையைப் பகுதி பகுதியாக விற்க முடியாது. அவசர ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரை சென்ட் விற்றுக் காசாக்க வழியில்லை. முழுதாக விற்கவும் நல்ல விலைக்கு ஆள் கிடைக்க மாதங்கள் ஆகும்; சில ஊர்களில் வருடங்களே ஆகும். ஆகவே ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகையும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் இல்லாதவர்கள் மனை பார்க்கப் போவதற்கு முன் அவற்றை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. மூன்று நான்கு வருடத்தில் கல்லூரிக் கட்டணத்துக்கோ திருமணத்துக்கோ தேவைப்படும் பணத்தை நிலத்தில் போடவே கூடாது.

கடன் வாங்கி முதலீடு செய்யலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவிகிதமும், 75 லட்சம் வரை 80 சதவிகிதமும், அதற்கு மேல் 75 சதவிகிதமும்தான் வங்கி கொடுக்கலாம். பொதுவாக முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது; அவற்றைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். இருபது சதவிகிதம் இருந்தால் போதும் என்று இறங்குகிறவர்கள் பதிவுக்கு முந்தைய வாரத்தில் நகையை அடகு வைக்க ஓடுவதற்கு இந்தக் கணக்குப் பிசகுதான் காரணம்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஏக்கர் வாங்கும் யோசனையும் அடிக்கடி வருகிறது. வாங்குவது எளிது. அதில் ஒருவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும்போதோ, ஒருவர் இறந்து அவருடைய வாரிசுகள் வரும்போதோதான் சிக்கல் தொடங்கும். பத்திரத்தில் அவரவர் பங்கு எது என்று எல்லையோடு பிரித்து எழுத முடியவில்லை என்றால் அந்தக் கூட்டு வேண்டாம். அடுத்தவர் பெயரில் வாங்கி வைப்பதும் ஆபத்து. மனைவி, கணவர், பிள்ளைகள் போன்ற சில விலக்குகளைத் தவிர, 2016-ல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டத்தில் அந்தச் சொத்தே பறிமுதலாகலாம்.

2. விற்பவருக்கு இதை விற்கும் உரிமை இருக்கிறதா?

நடுத்தர வர்க்கத்தின் பெரிய நம்பிக்கை ‘பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் நம்முடையது’ என்பது. நம் நாட்டுப் பதிவுச் சட்டம் 1908-ல் வந்தது. இன்னார் இன்னாருக்கு இதை எழுதிக் கொடுத்தார் என்பதை அந்தச் சட்டத்தின்படி அரசு பதிவு செய்கிறது. எழுதிக் கொடுத்தவருக்கு அதற்கு உரிமை இருந்தது என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. விற்பவரின் உரிமையை விசாரித்துத் தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்பதை 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொன்னது. அப்படியானால் அந்த விசாரணையைச் செய்ய வேண்டியவர் வாங்குகிறவர்தான்.

விசாரணை வில்லங்கச் சான்றில் தொடங்குகிறது. பதிவுத் துறை இணையதளத்தில் அதை நாமே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். இன்றைய சர்வே எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. 145/2 என்று இருந்த புலம் உட்பிரிவாகி 145/2ஏ ஆகியிருந்தால், பழைய எண்ணிலும் தேட வேண்டும். பழைய அடமானம் அங்கேதான் இருக்கும். வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே வரும் என்பதையும் மறக்கக் கூடாது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு இவற்றில் பல அதில் தெரியாது.

அடுத்து தாய்ப் பத்திரம். இந்த நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. ஜெராக்ஸ் நகலைக் காட்டி “ஒரிஜினல் ஊர்ல இருக்கு” என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள். ஒரிஜினல் அடமானத்தில் இருக்கலாம். தொலைந்துபோனது என்றால் போலீஸ் தரும் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றையும், பதிவு அலுவலகத்தின் சான்றிட்ட நகலையும் கேளுங்கள்.

சங்கிலி அறுபடுவது பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான். அப்பா இறந்தபின் அண்ணன் தம்பிகள் மட்டும் பாகம் பிரித்துக்கொண்டு, கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளை விட்டுவிட்ட பத்திரங்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன. 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும், 2005-ல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தமும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையைத் தந்துவிட்டன. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை கையெழுத்தும் பத்திரத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சகோதரியின் உரிமை நியாயமானது. அது மறுக்கப்பட்ட சொத்தை வாங்குகிறவர் பின்னாளில் அந்த அநியாயத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டி வரும். மைனர் பங்கு இருந்தால், கோர்ட் அனுமதி இல்லாமல் கார்டியன் விற்றது செல்லாது என்று அந்தப் பிள்ளை மேஜரானபின் வழக்குப் போடலாம்.

பவர் பத்திரம் இன்னொரு பொறி. பவர் வைத்திருப்பவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். பவரை மட்டும் கைமாற்றிச் செய்யும் விற்பனையால் சொத்துரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். பவர் ஏஜென்ட்டிடம் வாங்க நேர்ந்தால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்துவிட்டாரா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் அவரோடு நேரில் பேசுங்கள்.

3. அரசுக் கணக்கில் இது என்ன நிலம்?

கண்ணுக்கு எல்லா நிலமும் ஒன்றுபோலத்தான் தெரியும். வருவாய்த் துறைக் கணக்கில் அப்படி இல்லை. பட்டா, சிட்டா, புல வரைபடம், ‘அ’ பதிவேடு ஆகியவற்றை அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். பட்டாவில் பெயர் இருப்பது நல்ல அறிகுறிதான். ஆனால் பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா என்பதையும் பாருங்கள். ‘அ’ பதிவேட்டில் அந்தப் புலம் ரயத்துவாரியா, நத்தமா, மேய்க்கால் புறம்போக்கா, ஏரி உள்வாயா, வண்டிப்பாதையா என்பது தெரிந்துவிடும். புறம்போக்கு என்று இருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் வாங்குகிறவர்கள் பஞ்சமி நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஆங்கிலேய அரசு நிலமற்ற தலித் மக்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. குறிப்பிட்ட காலம் வரை யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பிறகும் அந்தச் சமூகத்தினருக்குள் மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி மற்றவர்கள் கைக்குப் போனது தமிழ்நாட்டின் தீராத வலி. முதலீட்டுக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இன்னொருவருக்கு உரிய நிலத்தில் நம் சேமிப்பை நடக்கூடாது. கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூதான நிலம் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை. நகரை ஒட்டிய பகுதி என்றால், 1978-ல் வந்து 1999-ல் நீக்கப்பட்ட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் அரசு கையகப்படுத்திய நிலமா என்பதையும் விசாரிக்க வேண்டும். சட்டம் போய்விட்டது, அதில் சிக்கிய சர்வே எண்கள் இன்னும் இருக்கின்றன.

தாள் சொல்லாததைத் தண்ணீர் சொல்லும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதை ஒட்டிய இடங்களில் கட்டுமானம் இனி எளிதாக இருக்காது. மனையைக் கோடையில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். பக்கத்துத் தெருப் பெட்டிக்கடைக்காரரிடம் “மழைக்கு எதுவரைக்கும் தண்ணி வரும்?” என்று கேளுங்கள். அவர் காட்டும் உயரம் எந்த விளம்பரத்திலும் இருக்காது.

4. அனுமதி உண்டா?

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பேரில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான லேஅவுட்டுகள் விற்கப்பட்டன. லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதியில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. அனுமதி வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது லட்சக்கணக்கானவர்கள் கையில் பத்திரம் இருந்தும் விற்க முடியாமல் திகைத்து நின்றார்கள். பிறகு 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்கு வழி திறந்தது. பழைய மனையை மறுவிற்பனையில் வாங்குகிறவர்கள், அது வரன்முறை செய்யப்பட்டுவிட்டதா என்று உத்தரவைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். ‘பண்ணை நிலம்’ என்று பத்து இருபது சென்டாகக் கூறுபோட்டு விற்கும் விவசாய நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். வெளிநாடு வாழ் இந்தியர்கள் விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடம் தரவில்லை.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட புதிய திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி பதிவு கட்டாயம். பதிவு எண் வருவதற்கு முன் விளம்பரம் செய்வதே குற்றம். ‘பிரீ லான்ச் ஆஃபர்’ என்று அழைப்பவரிடம் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவிகிதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். சொன்ன தேதியில் முடிக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்ததை நினைத்துப் பார்த்தால், இந்த விதிகள் எவ்வளவு தாமதமாக வந்தன என்பது புரியும்.

மாதத் தவணையில் மனை, நிலத்தில் போட்டால் உறுதியான லாபம் என்று சொல்லும் திட்டங்கள் வேறு வகை ஆபத்து. விவசாய நிலத்தின் பெயரில் நாடு முழுவதும் கோடிக்கணக்கானவர்களிடம் பி.ஏ.சி.எல். நிறுவனம் திரட்டிய சுமார் 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படி 2014-ல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி உத்தரவிட்டது. பிறகு ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தும் பணம் திரும்ப வருவது பல வருடப் போராட்டமாக ஆனது. எந்தச் சர்வே எண், எத்தனை சதுர அடி, எந்தத் தேதியில் பதிவு என்று எழுதித் தர முடியாதவரிடம் நிலத்துக்கென்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

5. உண்மையில் மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி மனை, சதுர அடி 2,500 ரூபாய். விலை 30 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், இரண்டும் சேர்ந்து 2.7 லட்சம். புரோக்கர் கமிஷன் 1 சதவிகிதம் என்றால் 30 ஆயிரம். வக்கீல், பத்திர எழுத்தர், சர்வேயர், வேலி எல்லாம் சேர்த்து 50 ஆயிரம். ஆக 33.5 லட்சம்.

பத்து வருடம் கழித்து அதே மனை 60 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘டபுள் ஆகிவிட்டது’ என்று ஊரே சொல்லும். விற்கும்போது 1 சதவிகிதக் கமிஷன் 60 ஆயிரம். மீதி லாபத்தில் 12.5 சதவிகித நீண்டகால மூலதன ஆதாய வரி சுமார் 3.24 லட்சம். கைக்கு வருவது 56 லட்சம் சொச்சம். 33.5 லட்சம் பத்து வருடத்தில் அந்த அளவுக்கு வளர்ந்தது என்றால், வருடத்துக்கு ஏறக்குறைய 5.3 சதவிகிதக் கூட்டு வட்டிதான். இடையில் வாடகை ஒரு பைசா கிடையாது. இதை வீட்டுக் கடனைவிட அதிக வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்திருந்தால் நஷ்டம்தான்.

‘பாதி ஒயிட், பாதி பிளாக்’ என்று விற்பவர் கேட்பார். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது; வாங்கினால் அதே அளவு அபராதம் விழலாம். ரொக்கமாகக் கொடுப்பவருக்கு இழப்பு வேறு விதத்தில் வரும். வழக்கு வந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது. நாளை விற்கும்போது கொள்முதல் விலை குறைவாகத் தெரிவதால் வரியும் கூடும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குகிறவர்தான் 1 சதவிகித டி.டி.எஸ். பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விதி வேறு, பிடித்தம் மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

6. மனையா, ஃபிளாட்டா?

மாத வருமானம் வேண்டும் என்கிறவர்கள் ஃபிளாட்டை நினைக்கிறார்கள். 60 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு மாதம் 15,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 1.8 லட்சம், அதாவது 3 சதவிகிதம். பராமரிப்பு, சொத்துவரி, காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் போக அதுவும் குறையும். இதற்கு 48 லட்சம் கடன் வாங்கி 8.5 சதவிகித வட்டியில் 20 வருடம் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 41,650 ரூபாய். வாடகை போக மாதா மாதம் 26 ஆயிரத்துக்கு மேல் சம்பளத்திலிருந்து போட வேண்டும். ‘வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடும்’ என்ற பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

ஃபிளாட் வாங்குவதாக முடிவு செய்தால் இரண்டு அளவுகளைக் கேளுங்கள். ஒன்று கார்பெட் ஏரியா. சுவருக்குள் நாம் உண்மையில் புழங்கும் இடம் அது. ரெரா சட்டப்படி விற்பனை அதன் அடிப்படையில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பாகம். கட்டடம் வயதாக ஆக மதிப்புக் குறையும்; ஏறுவது நிலத்தின் மதிப்புதான். ஒரே விலைக்கு இரண்டு ஃபிளாட் இருந்து ஒன்றில் யு.டி.எஸ். 350 சதுர அடியும் மற்றதில் 500 சதுர அடியும் என்றால், நீண்ட கால முதலீட்டுக்கு இரண்டாவதைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்குப் பொதுவாக 5 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு, பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு இல்லை.

வாடகைக்கு விடும்போது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்தால்தான் தகராறு வரும்போது சட்டம் துணை நிற்கும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்பதற்கும் அது பொதுவாக இடம் தரவில்லை.

வாடகை வருமானம் வேண்டும், ஆனால் அவ்வளவு பெரிய தொகை இல்லை என்கிறவர்களுக்குப் பங்குச் சந்தையில் ரெய்ட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை இருக்கிறது. 2019-ல் எம்பஸி ஆஃபீஸ் பார்க்ஸ் முதல் ரெய்ட்டாகப் பட்டியலானது. அலுவலகக் கட்டடங்கள், மால்கள் தரும் வாடகையில் பகிரத்தக்க தொகையில் 90 சதவிகிதத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது செபி விதி. விலை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஆனால் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கலாம், வேண்டும்போது விற்கலாம், வில்லங்கம் பார்க்கும் வேலை இல்லை.

7. இப்போது கேட்கலாம்: விலை ஏறுமா?

ஏறும் காரணங்கள் தெரிந்தவைதான்: வேலை, சாலை, தண்ணீர், பள்ளிக்கூடம். ஒன்று நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, அறிவிப்பு மட்டும்தானா என்று பிரித்துப் பாருங்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டுவிட்டது. சுற்றுப்புற விலையில் அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. சுமார் 119 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குத் தூண்கள் எழுந்ததைக் கண்ணால் பார்க்கலாம். பரந்தூர் விமான நிலையம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரம் மக்கள் தங்கள் விளைநிலத்தைக் காக்க நீண்ட காலம் போராடினார்கள். அந்த வட்டாரத்தில் மனை வாங்குகிறவர் தன் சர்வே எண் கையகப்படுத்தும் எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்காமல் வாங்கினால், லாபத்தை எதிர்பார்த்தவருக்குக் கையகப்படுத்தும் நோட்டீஸ் வந்து சேரலாம்.

யாரிடம் விற்கப்போகிறோம் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள் இருக்கும் இடத்தில் மனைக்கு உண்மையான தேவை இருக்கிறது. வாங்கிய அனைவரும் விற்கக் காத்திருக்கும் லேஅவுட்டில் விலை பேச்சில் மட்டும்தான் ஏறும். மறுவிற்பனை விலையை அறிய, அதே லேஅவுட்டில் சமீபத்தில் பதிவான பத்திரங்களின் மதிப்பை வில்லங்கச் சான்றில் பாருங்கள். புரோக்கர் சொல்லும் விலையைவிட அது நம்பகமானது.

வாங்கியபின் மறந்துவிடவும் கூடாது. பட்டா மாற்றுங்கள், வேலி போடுங்கள், வருடத்துக்கு இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள், வரி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். தனியார் நிலத்தில் 12 வருடம் ஒருவர் வெளிப்படையாக, இடையூறு இல்லாமல் அனுபவித்துவந்தால் எதிரிடை அனுபவ உரிமை கோர சட்டம் வழி விட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களின் மனைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்ளும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

* 30 வருட வில்லங்கச் சான்று, பழைய சர்வே எண்ணிலும் சேர்த்து
* தாய்ப் பத்திரங்களின் ஒரிஜினல், நேரில் பார்த்தது
* பட்டா, புல வரைபடம், ‘அ’ பதிவேடு
* வாரிசுச் சான்றிதழும் அத்தனை வாரிசுகளின் ஒப்புதலும்
* சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி எண், வரைபடத்தோடு, ரெரா எண்
* சர்வேயர் அளந்து, பத்திரத்தின் செக்குபந்தியோடு (நான்கு எல்லை விவரம்) ஒப்பிட்ட அளவு
* விற்பவரோடு தொடர்பில்லாத, நீங்கள் அமர்த்திய வக்கீலின் எழுத்துபூர்வக் கருத்து
* காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றத்தில் மட்டுமே பணம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம்

இத்தனையும் முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் சதுர அடிக்கு நூறு ரூபாய் ஏறினால் 1,200 சதுர அடிக்கு 1.2 லட்சம் போகும். சரிபார்க்காமல் வாங்கினால் பணயம் வைப்பது முழு 33.5 லட்சத்தை. வங்கி கடன் தந்ததே போதும், அவர்கள் சரிபார்த்திருப்பார்கள் என்று இருப்பவர்களும் உண்டு. வங்கியின் வக்கீல் வங்கியின் பணத்தைப் பாதுகாக்கப் பார்க்கிறார். உங்கள் பணத்துக்காகப் பார்க்க உங்களுக்கு ஒரு வக்கீல் வேண்டும்.

அரசுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. பட்டா ஒரு துறையில், பத்திரம் இன்னொரு துறையில், லேஅவுட் அனுமதி மூன்றாவது இடத்தில், வழக்கு விவரம் நீதிமன்றத்தில் என்று சிதறிக் கிடப்பதால்தான் மோசடிக்காரருக்கு இடம் கிடைக்கிறது. ஒரு சர்வே எண்ணைத் தட்டினால் இந்த நான்கும் ஒரே திரையில் வர வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவரும் ஓர் ஆசிரியரோ, கட்டடத் தொழிலாளியோ துப்பறிவாளராக மாறித்தான் ஒரு மனை வாங்க முடியும் என்ற நிலை மாற வேண்டும்.

அது மாறும்வரை வரிசையை விடாதீர்கள். முதல் ஆறு கேள்விகளுக்கும் ஆவணத்தோடு பதில் வாங்கியவர், விலை விஷயத்தில் தப்புக் கணக்குப் போட்டிருந்தாலும் தாங்கிக்கொள்வார். எதிர்பார்த்த லாபம் வராமல் போகலாம். நிலம் அவர் பெயரில், வில்லங்கமில்லாமல், வீடு கட்டும் நிலையில் இருக்கும். ஏழாவது கேள்வியை மட்டும் கேட்டு வாங்கியவருக்கு, விலை ஏறினாலும் விற்க முடியாது.